வால்வு அண்ணனின் வேட்டி

இடுப்பு வேட்டியையே ஆய்வுக்கூடமாக வைத்திருந்த மனிதர் பூமியில் ஒருவர்தான். குளத்தூர் பக்கம் நான் கெமிஸ்டாகச் சேர்ந்த சாயப்பட்டறையில், சுத்திகரித்த கழிவுநீரை வெளியே விடும் வால்வைத் திறப்பவர். எல்லோருக்கும் அவர் வால்வு அண்ணன்.

சாயத் தண்ணீருக்குள் ஓசோன் வாயுவைக் குமிழ் குமிழாகச் செலுத்தினால் நிறம் போய்விடும். அதற்கு ஒரு மெஷின், நிறத்தை அளக்க ஒரு மீட்டர், மீட்டரைப் பார்க்க நான். மூவரையும் அண்ணன் நம்பவில்லை. வேட்டி நுனியைத் தொட்டியில் முக்கிப் பிழிந்து வெயிலில் விரிப்பார். வெள்ளையாக இருந்தால்தான் வால்வு திறக்கும்.

அவர் வேட்டியைப் பார்த்தே டீக்கடையில், "இன்னைக்குப் பட்டறையில பச்சை ஓடுது போல" என்பார்கள். ஒருநாள் அவர் மனைவி நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"தம்பி, ஊருத் தண்ணியெல்லாம் வெளுக்குறீங்க. இந்தாளு வேட்டிய வெளுக்க வீட்டுக்கு ஒரு ஓசோன் மிஷினு குடுங்க!"

மழைக்காலம். மதியமும் தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் நான் கையெழுத்திட வேண்டும். ஒருநாள் சோம்பல்பட்டு, காலை ரீடிங்கையே மதியத்துக்கும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். தொட்டி விளிம்பைத் தொட்டது. அண்ணன் வேட்டியிலோ அழுத்தமான ரோஸ்.

மேனேஜர் பாய்ந்து வந்தார். "யோவ், கெமிஸ்ட் கையெழுத்தே போட்டாச்சு. தொற! தொட்டி ரொம்பிருச்சுன்னா பட்டறைய நிறுத்தணும்."

அண்ணன் வால்வுச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "தொறந்தா நேரா கண்மாய்க்குப் போகும் சார். எங்க மாடு அங்கிட்டுதான் தண்ணி குடிக்குது. அது மீட்டரு பாத்துட்டா வாய வைக்கும்?"

"ஒன்னைய வேலையவிட்டுத் தூக்கிருவேன்!"

"மொதல்ல வால்வவிட்டுத் தூக்குங்க சார்."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டமும் முதல் மாதச் சம்பளமும் அந்தக் கையெழுத்தில் தொங்கின. மெஷினுக்கு ஓடினேன். உள்ளே போகும் காற்றை உலர்த்துகிற மணிகள் ஈரத்தில் ஊறிக் கிடந்தன. ஈரக் காற்றில் ஓசோன் சரியாக உருவாகாது.

"பட்டறைய நிறுத்துங்க சார்" என்றேன்.

நின்றது. மணிகளை மாற்றி, மெஷின் ஓடி, மறுநாள் வேட்டி நுனி வெள்ளையாக வந்த பிறகே அண்ணன் வால்வைத் திறந்தார். அப்போது மேனேஜர் ரிஜிஸ்டரோடு வந்து நின்றார்.

"நேத்து மதியம் தண்ணிய சோதிச்சியா, இல்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "தம்பி கையெழுத்துப் போட்டப்ப தண்ணி நல்லாத்தான் சார் இருந்துச்சு. நானே முக்கிப் பாத்தேன்."

நான் கையெழுத்திட்டபோது அவர் முக்கிப் பார்க்கவே இல்லை. வேட்டியை வைத்து அவர் சொன்ன ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னார்.