பெயர் தெரியாத செல்வாக்கு

நகரத்துக் குடிநீரில் சாக்கடை கலந்திருப்பது உறுதியானதும், செல்வாக்கு அளவீட்டுத் துறை தாமதமின்றி ஒரு முடிவுக்கு வந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று மக்களிடம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடக் கூடாது. அரசு சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதை அரசே நீண்ட ஆய்வுக்குப் பின் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே, ஊர் யார் பேச்சைக் கேட்கிறதோ அவரைக் கண்டுபிடித்துச் சொல்லவைக்க வேண்டும்.

மக்களோ இரண்டு வலைத்தளங்களில் குடியிருந்தார்கள். படத்தளத்தில் முகத்தைக் காட்டினார்கள். பேச்சுத்தளத்தில் வாயைக் காட்டினார்கள். ஒருவரே இரண்டிலும் வேறு வேறு பெயரில் இருப்பார். இரண்டையும் கூட்டினால்தான் செல்வாக்கு தெரியும். கூட்டினால் ஆளும் தெரிந்துபோவார். அப்புறம் அந்தரங்கம் என்னாவது? அதனால் ஆளுக்கொரு மறையெண் கொடுத்து, ஆள் அடையாளம் தெரியாதபடி ஒவ்வொரு கணக்கிலும் கொஞ்சம் பொய் எண்ணும் கலந்து, ஒரு தளத்தை முதல் அறையிலும் மற்றதை இரண்டாம் அறையிலும் எண்ண ஏற்பாடாயிற்று. இரு அறைக்காரர்களும் பேசிக்கொள்ளக் கூடாது.

முதல் அறையில் இருந்தவள் கணக்காய்வாளர். இரண்டாம் அறையில் அவள் கணவர்.

விதி வீட்டுக்கும் பொருந்தும் என்று சுற்றறிக்கை வந்தது. சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூட விரலால்தான் கேட்டுக்கொண்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

எதையும் உறையில் போட்டு அரக்கு வைப்பதால் துறை இயக்குநருக்கு அரக்கு ஐயா என்று பெயர். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பாய் விரித்துக் குழந்தைகளைப் படுக்கவைத்திருப்பதாகக் கேள்விப்பட்ட அன்று, முதல் அறைக்காரி அவரிடம் போய் நின்றாள்.

"ஐயா, வண்டியில ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாச் சொல்லிடலாமே?"

"சொல்லலாம்மா. யார் கேட்டாங்கன்னு எப்படி அளக்கிறது?"

"அளக்க வேண்டாம் ஐயா. காய்ச்சினாப் போதும்."

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பொய்யெல்லாம் ஒழுங்காக் கலந்தாச்சா?"

"உண்மை எதுன்னு எனக்கே தெரியாத அளவுக்கு."

"அப்பப் பத்திரம்," என்றார்.

இரண்டு அறைக் கணக்கையும் ஓர் இயந்திரம் கூட்டி முடித்தது. விடை இயந்திரத்துக்கு மட்டுமே தெரியும். அது யாரிடமும் சொல்லாது. உரியவருக்கு மட்டும் செய்தி அனுப்பும். செய்தி அவள் கைபேசிக்கே வந்தது.

"மாண்புமிகு மறையெண்ணீர்! இந்நகரின் அதிசெல்வாக்குள்ள நபர் தாங்களே. குடிநீரைக் காய்ச்சுமாறு தங்களைப் பின்தொடர்வோருக்கு அறிவுறுத்துக. தாங்கள் தேர்வானதை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்."

இரண்டு தளத்திலும் அவளைப் பின்தொடர்ந்தது ஒரே ஆள், அவள் கணவர். கலந்த பொய் அத்தனையும் அவள் தலையில் கொட்டியிருந்தது.

கணக்கு தப்பாக இருக்கலாம் என்று அரக்கு ஐயாவிடம் இழுத்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாது என்றாள். விதி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பாருங்கள் என்று அவர் பூரித்தார்.

அவள் இரண்டு தளத்திலும் காய்ச்சச் சொல்லி எழுதினாள். கணவர் இரண்டிலும் இதயம் போட்டார். செய்தி பின்தொடர்வோர் அனைவரையும், ஒருவர்கூட விடுபடாமல், சென்றடைந்ததாக அறிக்கை போயிற்று.

வேலை போனால் போகட்டும் என்று அன்று மாலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர்வீட்டுக்காரி முற்றத்துக் குழாயில் தம்ளர் பிடித்து மகளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அதைக் குடுக்காதீங்க அக்கா. சாக்கடை கலந்திருக்கு. காய்ச்சிக் குடுங்க."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். இந்த ஊர்லயே செல்வாக்கு அதிகமானவ நான்தான்."

"இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லிக்கிறாங்க," என்றாள் எதிர்வீட்டுக்காரி. பிள்ளை தம்ளரை வாயருகே கொண்டுபோனது. இவள் அதைத் தட்டிவிட்டாள்.

மாடியிலிருந்து யாரோ அதைப் படம்பிடித்துவிட்டார். பச்சைப்பிள்ளை கையிலிருந்த தண்ணீரைப் பறித்த பாவி என்று இரண்டு தளங்களும் கொதித்தன. கண்டனம் தெரிவிக்க ஊர்மக்கள் குழாயில் வாய்வைத்துக் குடித்துப் படம் போட்டார்கள். இரண்டே நாளில் அது நாகரிகமாகிவிட்டது. மருத்துவர்கள்கூடப் போட்டார்கள்.

அரக்கு ஐயாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "நம்ம கணக்கு தப்பாதும்மா. நீங்க ஒண்ணு சொன்னா ஊரே அதுக்கு நேர்மாறாச் செய்யுது. இப்பக் காய்ச்ச வேண்டாம்னு சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்."

வராந்தாவில் பாய் விரிக்க இடமில்லாமல் போயிருந்தது. வேறு வழி தெரியாமல் அவள் சொன்னாள்.

கடைசியில் அவளுக்குப் புத்தி வந்துவிட்டதென்று ஊர் அவளைப் பெருந்தன்மையாக மன்னித்து, இன்னொரு தம்ளர் பிடித்துக் குடித்தது.