எட்டாவது ஆள் எழுதிய திருத்தம்

திருகோணமலையில் கடல் இருக்கிறது என்பதையே இரண்டு பேரிடம் விசாரித்துத்தான் நம்பியவர் எங்கள் ‘ஆதாரம்’ ஐயா. செத்தவீட்டுக்குப் போனால் மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்த பிறகுதான் அழுவார்.

ஒரு கலைக்களஞ்சியத்துக்கு எங்கள் மாவட்டத் தகவல்களைச் சரிபார்ப்பது அவர் தொழில். அது தடித்த புத்தகமாக வந்த காலத்தில், பிழை கண்டவர் கடிதம் போட்டுவிட்டு அடுத்த பதிப்பு வரும்வரை தவம் கிடக்க வேண்டும். இப்போது அது இணையத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ‘திருத்தம் சொல்லுங்கள்’ என்று ஒரு பெட்டி. அதில் வந்து விழுவதையெல்லாம் துறைமுகத்தடியில் இருக்கும் என் போட்டோகொப்பிக் கடைக் கணினியில்தான் ஐயா வாசிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பல வருடங்களுக்கு முன் குடாக்கடலில் மூழ்கித் தாண்டுபோன சரக்குத் தோணி பற்றிய கட்டுரைக்கு ஒரு திருத்தம் வந்தது. “செத்தது ஏழு பேர் இல்ல, எட்டுப் பேர். எட்டாவது ஆள் நான். சலீம்.”

அடுத்த வெள்ளியும் அதே வரி. மூன்றாவது வெள்ளி: “என்னய ஏன் இன்னும் சேர்க்கல்ல?”

நான் கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். “ஐயா, கொம்பியூட்டரை நிப்பாட்டுங்கோ. இது பேய்!”

“பேய் எண்டதுக்கு ஆதாரம் இருக்கோ, தம்பி?” என்றவர் நிதானமாகத் தட்டினார்: ‘அன்புடையீர், தாங்கள் இறந்தமைக்கான ஆதாரத்தை அனுப்பி வைக்கவும்.’

உடனே பதில் வந்தது. “அது கடலுக்குள்ள கிடக்கு. வீட்ட வாங்க.” கீழே கிண்ணியா முகவரி.

கிண்ணியாப் பாலத்தில் நான் பிள்ளையாரைக் கூப்பிட்டபடி மோட்டார் சைக்கிளை ஓட்ட, பின்னால் இருந்தவர் பாலத்தின் நீளம் எவ்வளவு, அதை ஆர் அளந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்தது வயதான ஒரு பெண். சலீமின் சகோதரி. கையில் தொலைபேசி.

“அவன் கடைசி நேரம் ஏறினவன், சேர். அதால லிஸ்டில பேரில்ல. வீட்ட விட்டுட்டுக் கொழும்புக்கு ஓடிட்டான் எண்டுதான் இன்னும் ஊர்க்கதை. நான் எழுதினா ஆரு பாப்பாங்க? அவனே எழுதினாப் பாப்பீங்க எண்டுதான்…”

“ஏறினதை நீங்கள் கண்டனீங்களோ?”

“ஓம்.”

“அப்ப ஒராள் இருக்கு. மற்ற ஆளை நான் தேடுறன்.”

மூன்று மாதம் கரை கரையாக அலைந்தார். ஈச்சிலம்பற்றில் ஒரு பழைய தோணிக்காரர் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். “இந்தக் கையாலதான் அவனைத் தூக்கி ஏத்தினனான். இவ்வளவு காலமும் என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே!”

அடுத்த நாள் கட்டுரை திருத்தப்பட்டது. ஐயா என் கடையிலிருந்து கிண்ணியாவுக்குத் தொலைபேசி எடுத்து எட்டுப் பேரின் பெயர்களையும் வாசித்தார்.

“திரும்ப வாசிங்க சேர்.”

வாசித்தார். அந்தப் பெண் மறுபடியும் கேட்டார், ஐயா மறுபடியும் வாசித்தார். கொப்பி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் வந்த வேலையை மறந்து நின்றார்கள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஒரு தடவையும் அவர் அவசரப்படவில்லை.

இப்போதெல்லாம் அவர் கடைக்குள் வந்தால், என் பக்கம் இருக்கும் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிடுகிறேன்.