காயவிட வேண்டிய பாத்தி

இராஜபாளையம்
11.4.1994

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியப்பா சோலைச்சாமி அவர்களுக்கு, தம்பி மகள் பரிபூரணம் வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே பெரியம்மாவின் முழங்காலும் கிணற்று மோட்டாரும் மக்கர் பண்ணாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

மகாராஜபுரம் வந்து நேரில் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். நேரில் வந்தால் நீங்கள் "என்ன தாயி?" என்பீர்கள். நான் "ஒண்ணுமில்ல பெரியப்பா" என்பேன். காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். என் ஆராய்ச்சிக்காகப் போன வருடம் நட்ட நெல்லைச் சோதித்த முடிவு பெங்களூரிலிருந்து வந்து மாதங்கள் ஆகின்றன. மறுபடி ஏன் நட வேண்டும் என்று நீங்கள் கேட்டபோதுகூட, "சும்மாதான்" என்றேன்.

சும்மா இல்லை பெரியப்பா. காற்றிலுள்ள கார்பனில் லேசானது, கனமானது என்று இரண்டு வகை உண்டு. ஐசோடோப்பு என்பார்கள். தண்ணீர் தாராளமாக இருந்தால் நெற்பயிர் இலைத் துளைகளை அகலத் திறந்துவைத்து, லேசானதாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். அப்புறம் ரேஷன் கடையில் நாம் அரிசி வாங்குவதுபோலத்தான், போட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும். கனமானதும் கூடுதலாகச் சேர்ந்து மணியில் தங்கிவிடும். அந்த மணியைப் பொடித்து மெஷினில் வைத்தால் பயிர் பட்ட பாடு தெரிந்துவிடும். அதனால்தான் ஒரு பாத்திக்குப் பாய்ச்சுங்கள், கதிர் வந்தபின் பக்கத்துப் பாத்தியைக் காயவிடுங்கள் என்று போன வருடம் சொன்னேன். முனகினேன் என்பதே சரி.

நடந்ததற்கு யாரையும் குறை சொல்லவில்லை. நான் மடையை அடைத்துவிட்டுப் பஸ் ஏறிய மறுநாளே நீங்கள் திறந்துவிட்டு, "எம் புள்ள நட்ட பயிரு காயுறதப் பாத்துக்கிட்டு எவன் சோறு திம்பான்?" என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறீர்கள், அப்பா வந்து சொன்ன பிறகு மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தீர்கள், ஆனால் ஒரு பாத்தி பச்சையாகவும் அதை ஒட்டிய என் பாத்தி சுருண்டும் கிடப்பதைப் பார்த்த பக்கத்து வயல் மாரியாத்தாள் அத்தை, உங்களுக்கும் அப்பாவுக்கும் பங்குச் சண்டை, அதனால்தான் என் பயிருக்குத் தண்ணீர் மறுக்கிறீர்கள் என்று தானே முடிவுகட்டி, நீங்கள் சந்தைக்குப் போன நேரம் தன் கிணற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, நீங்கள் வந்ததும் ஊர் கேட்க, "தம்பி மகளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மனசில்ல, நீரெல்லாம் பெரிய மனுசனா?" என்று ஏசவும், நீங்கள் மண்வெட்டியை வீசி "ஆராய்ச்சிம்மா, ஆராய்ச்சி!" என்று கத்தவும், "தண்ணி குடுக்காமக் கொல்லுறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்று அவர் கேட்கவும், பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய், நம்மிடம் நெல் வாங்கும் நைனா முகமது மாமா கடையைப் பூட்டிவிட்டுச் சமாதானம் பேச வந்துவிட்டார்.

"அண்ணந்தம்பி கோவத்தப் பயிருமேல காட்டாதிய அண்ணாச்சி. ரெண்டுக்கும் சமமாப் பாய்ச்சுங்க. அம்புட்டுத்தான்."

எல்லோரும் பார்க்க மடையைத் திறக்கவைத்தார். அன்று நானும் வரப்பில் நின்றேன். இலைகளெல்லாம் ஊசிபோலச் சுருண்டு, நான் ஆசைப்பட்ட பதத்துக்கு வந்திருந்தன. "இப்பச் சந்தோசந்தானே தாயி?" என்று மாமா கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தலையாட்டினேன். மாரியாத்தாள் அத்தை எனக்குப் பூ வைத்துவிட்டார். பிறகு அறுவடைவரை அந்தச் சமாதானத்தை ஊரே காவல் காத்தது.

இரண்டு பாத்தி நெல்லும் ஒன்றுதான் என்று மெஷின் காட்டிவிட்டது. பேராசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒன் வறட்சிப் பாத்தி நம்ம ஹாஸ்டலவிடச் செழிப்பா இருந்திருக்கும்மா" என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. அன்று வரப்பில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நம் வீட்டில் காலேஜ் படித்த முதல் ஆள் என்று நீங்கள் கடைத்தெருவில் சொல்லும்போதெல்லாம், அந்தத் தலையாட்டல்தான் நினைவுக்கு வருகிறது.

என் எம்.ஃபில். கெடு இந்த அறுவடையோடு முடிகிறது. இதுவும் போனால் பட்டம் கிடையாது. அதை நம்பிக் கல்லூரியில் சொல்லிவைத்த வேலையும் கிடையாது. கதிர் வந்துவிட்டது. மணி முற்றும்வரை யார் வந்து கெஞ்சினாலும் மடையைத் திறக்காதீர்கள். நமக்குள் சண்டை இல்லை என்று ஊருக்குத் தெரிய, அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு வயல்பக்கம் இரண்டு நடை சிரித்தபடி போய்வாருங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். பாத்திக்குத் தண்ணீர் போகாவிட்டாலும் உங்கள் ஆசி எனக்குத் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மகள்
பரிபூரணம்

பின்குறிப்பு: இதை நேற்று மகாராஜபுரம் வந்தபோது பையில்தான் வைத்திருந்தேன். நீங்கள் வயலுக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். மாரியாத்தாள் அத்தையும் இன்னும் சிலரும் தள்ளி நின்றார்கள். காலையிலிருந்து நீங்கள் சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொன்னார்கள். "நீ சொல்லாமத் தொறக்க மாட்டேன் தாயி. திரும்பிப் பாக்க மட்டும் சொல்லாத" என்றீர்கள். நான் பார்த்தேன். பிறகு, அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "தொறந்துவிடுங்க பெரியப்பா" என்றேன். எனக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. ஆகையால் மேலே எழுதியவற்றைத் தள்ளிவிடுங்கள். இன்லண்டு லெட்டர் வீணாகிறதே என்றுதான் அனுப்புகிறேன். பேராசிரியருக்கும் ஒன்று வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். "மதிப்பிற்குரிய ஐயா" வரை எழுதியாகிவிட்டது.