பாதியில் எழாத கூட்டம்

"முதல் வரி இன்னாண்ணே?" என்று கேட்டான், ராஜா வேஷம் கட்டியிருந்த சைக்கிள் கடை கனகராஜ். திரை தூக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது கேட்கிற கேள்வியா இது!

மளிகைக் கடை அரங்கநாதன் அவசரமாக நோட்டைப் புரட்டினார். முழுக்கச் செய்யுளிலேயே அவர் எழுதிய மூன்றாவது நாடகம் இது. முந்தைய இரண்டுக்கும் செஞ்சி ஜனம் பாதியிலேயே எழுந்து போய்விட்டது.

"இந்த வாட்டியும் எழுந்து போனாங்கன்னா, உங்க நோட்டெல்லாம் கடையில பொட்டலம் மடிக்கத்தான்" என்று வேதநாயகி சொல்லியே அனுப்பியிருந்தாள். சொன்னால் செய்கிற மனைவி.

"பயப்படாதே. பின்னாலேர்ந்து எடுத்துக் கொடுக்கிறேன்" என்றார்.

அன்று ஆடி அமாவாசை; மத்தியான நேரம். கோட்டைக்குள், கல்யாண மகால் முன்னால் திறந்தவெளி நாடக விழா. மேல்மலையனூரில் அங்காளம்மனைக் கும்பிட்டுத் திரும்பிய ஜனமும் சேர்ந்துகொள்ள, உட்கார இடமில்லை. காற்றோ மேடையின் வேப்பிலைத் தோரணத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அவர் எடுத்துக் கொடுத்தது அந்தக் காற்றில் போயே போயிற்று. "அண்ணே, கேக்கல!" என்று மைக்கிலேயே சொல்லித் தொலைத்தான் கனகராஜ். முன்வரிசையில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஐயோ, ஆரம்பமாகிவிட்டதே! அரங்கநாதன் நோட்டோடு மேடைக்குப் பாய்ந்தார். "நீ வாயை மட்டும் அசைடா!" என்று தாமே படித்தார். இரண்டே வரி. மைக் செத்தது. தொண்டை கிழியக் கத்தினார். தாள்கள் பிரிந்து பறந்தன. பிடிக்க அங்குமிங்கும் குதித்ததில் குடுமி அவிழ்ந்தது. தோரணம் அறுந்து கழுத்தில் விழுந்தது. அதை எடுத்துப் போட நேரமேது? கண்ணை இறுக மூடிக்கொண்டு, நினைவுக்கு வந்ததையெல்லாம் முன்பின் பாராமல் முழங்கினார்.

"கல்லே கேள்! காற்றே நில்! என் மண்ணை மிதித்தவன் குலம் வேகும்! முகிலே, இறங்கு!"

"இறங்கு... இறங்கு..." என்றது ராஜகிரி. மலையே தம் வரியைச் சொல்கிறதே! அவருக்கு உடம்பு சிலிர்த்துக் கைகால் நடுங்கியது. மெல்லக் கண்ணைத் திறந்தார்.

ஒரு ஆள் அசையவில்லை. எழுந்த துண்டுக்காரர் பொத்தென்று உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தைகூடச் சிணுங்கவில்லை. கனகராஜ் கிரீடத்தைக் கழற்றிவிட்டு ஓரமாய் ஒதுங்கி நின்றான். பெண்களுக்கு நடுவில் வேதநாயகி, கண்ணீர் வழிய அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாடி, தமிழுக்கு இத்தனை சக்தியா! அரங்கநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. நோட்டுகள் பிழைத்தன. அந்தச் சந்தோஷத்தில், வெயில் இறங்கும்வரை விடாமல் சொன்னார். முந்தைய இரண்டு நாடகங்களையும் சேர்த்தே சொன்னார். ஒருவர் எழவில்லை.

கடைசியில், தொண்டூரிலிருந்து வந்திருந்த காத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறினாள். மாலைதான் போடப்போகிறாள் என்று அவர் கழுத்தை நீட்டினார்.

அவளோ வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, காற்றுக்குக் கை மறைத்து, அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"போதும் அங்காளம்மா, மலையேறிடு தாயே! நீ போவறதுக்கு முன்னாடி நாங்க எழுந்தா குத்தமாயிடும்; அங்க தொண்டூர் பஸ்ஸு கெளம்புது!"