நடை 1 3/8

கைக்கடிகாரத்தில் புள்ளி இருந்தது. மருத்துவமனைச் சீட்டில் கோடு இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, புது கான்வாஸ் ஷூவோடு வாசற்படியில் நின்றிருந்தார் கண்டக்டர்.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு வருடமாகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். இதயத்தில் அடைப்பு எடுத்து, முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தார். "கொஞ்சம் கொஞ்சமா நடங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு என்று கேட்க அப்போது அவருக்கும் தோன்றவில்லை, கூட இருந்த மனைவிக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்தபோது, மாத்திரைகளுக்கெல்லாம் கீழே கடைசி வரியாக இருந்தது: நடை 1 3/8.

"கிலோமீட்டரா இருக்கும்," என்றாள் மனைவி. "பின்ன, ஒரு அடியா நடக்கச் சொல்லப் போறாங்க?"

மகள் வாங்கி அனுப்பிய கடிகாரம் நடந்த தூரத்தைக் காட்டும். ஆனால் 0.00 என்று புள்ளி வைத்துத்தான் காட்டும். அதில் கோடே கிடையாது.

"இதுல என்ன இருக்கு?" என்றார் கண்டக்டர். "ஒண்ணு, மூணு, எட்டு. நடுவுல ஒரு புள்ளி. ஒண்ணு புள்ளி மூணு எட்டு."

நான்கு நாள் அப்படியே நடந்தார். கடிகாரம் 1.38 காட்டும்போது சரியாக வாசலில் கால் வைத்தார். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியிருந்தது. அத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை.

நான்காம் நாள் மாலை, மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது மனைவி சீட்டை மறுபடி பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கோடு எங்க போச்சு?"

"எந்தக் கோடு?"

"மூணுக்கும் எட்டுக்கும் நடுவுல. படிச்சவங்க சும்மாவா போடுவாங்க?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவள் அவள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, தனக்கில்லை என்று தெரிந்து உட்கார்ந்தவள். அவளுக்கு இனி எதுவும் சும்மா கிடையாது.

"போன் பண்ணிக் கேட்டுடலாமே."

"முப்பத்தோரு வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். கண்டக்டருக்குக் கோடு தெரியலைன்னு ஊரே சிரிக்கும்."

யோசித்தார். கோடு என்றால் வகுத்தல். எட்டு பெரியது, மூன்று சின்னது. பெரியதைத்தான் சின்னதால் வகுக்க முடியும். எட்டை மூன்றால் வகுத்தால் 2.66. முன்னால் நிற்கும் ஒன்றைச் சேர்த்தால் 3.66.

இரண்டு பேரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள்.

"அப்ப நாலு நாளா பாதி கூட நடக்கலையா நீங்க?" அவள் குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் காலை கண்டக்டர் நேராக நடந்தார். சந்தையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பாலத்தில் ஏறி இறங்கி நடந்தார். 3.66 வந்ததும் நின்று திரும்பிப் பார்த்தார். வீடு அங்கே இல்லை. ஓடும் பஸ்ஸுக்குள்ளேயே ஆயுள் முழுக்க நடந்த மனிதருக்கு, போன தூரமெல்லாம் திரும்பி வரவேண்டிய தூரம் என்பது அதுவரை தேவைப்படாத அறிவு.

பஸ் பிடித்து வந்து கட்டிலில் சாய்ந்தார். கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. மனைவி அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்த் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பி தச்சர். காதில் பென்சிலோடு வந்தார். சீட்டை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"என்ன அத்தான் நீங்க! ஒண்ணே மூணு நூல். நாங்க தினம் டேப்புல பார்க்குறதுதானே? அங்குலத்தை எட்டாப் பிரிச்சா ஒரு பங்குதான் நூல். அதுமாதிரி கிலோமீட்டரை எட்டாப் பிரிச்சு மூணு பங்கு. கீழ இருக்குறவன்தான் மேல இருக்குறவனை வகுக்கணும்."

"மூணுல எட்டு எப்படிடா போகும்?"

"சைபர் போட்டுக்கிட்டா போகும்."

அலமாரிக் கதவிலேயே போட்டார். முப்பதில் எட்டு மூன்று முறை, மீதி ஆறு. அறுபதில் ஏழு முறை, மீதி நாலு. நாற்பதில் ஐந்து முறை, மீதி இல்லை. 1.375.

"நான் முதல்ல சொன்னதுக்கு அஞ்சு மீட்டர்தான் வித்தியாசம்!" என்று கண்டக்டர் எழுந்தே விட்டார்.

"ஆனா நேத்து வரைக்கும் தினம் அஞ்சு மீட்டர் கூட நடந்திருக்கீங்க. இன்னைக்கு ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல," என்றாள் மனைவி.

எழுந்தவர் உட்கார்ந்தார்.

தம்பி கணக்குப் போட்டார். மொத்தம் 2.305 அதிகம். ஒண்ணே முக்கால் நாள் படுத்திருந்தால் ஏறக்குறைய நேராகிவிடும். கண்டக்டர் படுத்தார். கழிவறைக்குப் போய்வந்தால்கூடக் கடிகாரம் 0.02 காட்டியது, அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். குடும்பம் கண்ணாடிச் சாமானைத் தூக்குவதுபோல நடந்துகொண்டது. தம்பி அளவுநாடாவைத் தெருவில் இழுத்து, வாசலிலிருந்து பாதித் தூரத்தில் இருந்த விளக்குக் கம்பத்தில் பென்சிலால் கோடு கிழித்துவிட்டு வந்தார்.

"அதைத் தொட்டுட்டுத் திரும்புங்க. நூல் பிசகாது."

எட்டாம் நாள் புறப்பட்டார். கம்பத்தைத் தொட்டார், திரும்பினார். சாவிக் கடை வாசலுக்கு வந்தபோது கடிகாரம் 1.37 காட்டியது. வீடு இன்னும் தொண்ணூறு மீட்டர் இருந்தது.

பிறகுதான் புரிந்தது. காலையில் குளிக்கப் போனது, மூக்குக்கண்ணாடி தேடியது, அது சமையலறையில் இருந்தது, எல்லாவற்றையும் கடிகாரம் எண்ணியிருக்கிறது.

சாவிக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை. முடிஞ்சிடுச்சு."

இந்தச் சொல்லைச் சாவிக் கடைக்காரரும் கேட்டார்.

"நாலு எட்டு வெச்சா வீடு. எந்திரிங்க," என்றாள் மனைவி.

"நாலு எட்டா? தொண்ணூறு மீட்டர். அன்னைக்குக் கணக்குத் தப்பி நடந்ததுக்கு நீ என் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, நான் தூங்கலை, பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இனிமே உன்னை அப்படி உட்கார வைக்க மாட்டேன்."

அவளுக்கு அதற்குமேல் வாதாட முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் சாப்பாட்டு மேஜை நாற்காலியோடு வந்தார். கண்டக்டரை அதில் உட்கார வைத்து, ஒருபுறம் தம்பியும் மறுபுறம் சாவிக் கடைக்காரரும் தூக்கினார்கள். கண்டக்டர், கடிகாரம் ஆடாமலிருக்க, கையை மார்போடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

தெரு அடங்கியது. சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்றார். மாடியிலிருந்து ஒருத்தி, "நல்ல மனுஷன், சில்லறை பாக்கி வெச்சதே இல்லை," என்றாள். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டார்கள். அது வந்து நின்றபோது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நிரூபிக்க நாற்காலியிலிருந்து இறங்கி நடந்து காட்ட வேண்டியிருந்தது. நடக்கப் பாக்கி இல்லாததால், கண்டக்டர் தன்னை நாற்காலியோடு தூக்கி ஏற்ற விட்டுவிட்டார்.

மருத்துவமனையில் டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடி கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கீங்க! எதுக்குத் தூக்கிட்டு வந்தாங்க?"

"நீங்க எழுதிக் கொடுத்த தூரம் முடிஞ்சிடுச்சு டாக்டர்," என்று கண்டக்டர் சீட்டை நீட்டினார். "ஒண்ணு புள்ளி மூணு ஏழு அஞ்சு. அதுக்கு மேல ஒரு அடி வைக்கலை."

டாக்டர் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என் எழுத்து இல்லையே," என்று நர்ஸிடம் கொடுத்தார்.

நர்ஸ் ஒரே பார்வையில் படித்தாள்.

"அய்யோ, இது தூரம் இல்லீங்க. ஆகஸ்ட் மூணாம் தேதி ஒரு நடை வந்து காட்டிட்டுப் போங்கன்னு நான்தான் சுருக்கி எழுதினேன்."