ஏழு சுத்து சார்

திருவண்ணாமலையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் தென்பட்டால் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். அதற்கு நான் துளியும் லாயக்கில்லாதவன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (எங்கள் ஊர்ப் பக்கம் போனால் உளறிவிடாதீர்கள்.)

என் மகள் கயலுக்குக் காலில் பலம் கம்மி. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி நடப்பாள். தெரு என்றால் நூறடியில் உட்கார்ந்துவிடுவாள். ஒன்பதாவது பிறந்தநாளுக்கு, சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு தீம் பார்க்கில் குட்டி ரயில் ஏற வேண்டும் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை.

"என்ன யாரும் தூக்கக் கூடாது. எனக்குத் தேர் வேணும், இடுப்பு வேணாம்."

"பார்க் வாசல்லயே வீல்சேர் வாடகைக்குத் தராங்களாம்," என்றாள் என் மனைவி செல்வி.

"நம்ம ஊர்ல இல்லாததா?" என்று கிளம்பினேன். மலையை நடந்து சுற்ற முடியாதவர்களுக்காகச் சக்கர நாற்காலி வாடகைக்கு விடும் கடை ஒன்று கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை என்ற ஊரில் உண்டு. கடைக்காரர் மூர்த்தி அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்.

"மலை சுத்தத்தான? வேற எதுக்கும் குடுக்க மாட்டேன்."

"மலை சுத்தத்தாங்க," என்றேன். (என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.)

பார்க்குக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு மலை. ஃபைபர் மலை, ஸ்விட்ச் போட்டால் உச்சியிலிருந்து அருவி விழும். அதைச் சுற்றி வழவழவென்று ஒரு பாதை. பாதியில் இடப்பக்கம் பிரிந்து போனால் ரயில். தள்ளிக்கொண்டு போனேன். பிரிவு வந்ததும் இடப்பக்கம் திருப்பினேன். முன்சக்கரம் கிர்ரென்று முனகிவிட்டு வலப்பக்கம் போனது.

அப்போதுதான் உறைத்தது. வருஷக்கணக்காக மலையை வலமாகவே சுற்றித் தேய்ந்த வண்டி அது. இடம் என்று ஒரு திசை இருப்பதே அதற்குத் தெரியாது.

"நீங்க சுத்தினு வாங்க," என்று செல்வி ரயிலடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த இரண்டாவது சுற்றில் என்னவோ ஆகிவிட்டது. அருவியிலிருந்து மாவு சலித்த மாதிரி ஒரு தூறல். அதில் வெயில் பட்டு மலையே மிதப்பது போலிருந்தது. கிர்... கிர்... என்று சக்கரம் தாலாட்டியது. கயல் தலையைச் சாய்த்து வாய் திறந்து தூறலைக் குடித்துக்கொண்டிருந்தாள். நானும் எங்கோ போய்விட்டேன். மூன்றாவது சுற்றில் குனிந்து பார்த்தால் காலில் செருப்பில்லை. எங்கே கழற்றினேன்? வலப்பக்கம் மலை தெரிந்தால் எங்கள் ஊர்க்கால் தானாகச் செருப்பை உதறிவிடும்போல.

பின்னால் ஒரு குரல். "சாருக்கு எந்த ஊரு?"

"திருவண்ணாமலைங்க."

"அதான பாத்தேன். நாங்க பக்கத்துல கீழ்பென்னாத்தூரு. நீங்க சுத்தறத பாத்துட்டு சும்மா இருக்க மனசு வரல." குடும்பமே வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தது. "அடுத்தது என்னா லிங்கம் வருது சார்?"

அடுத்தது வந்தது ஐஸ்கிரீம் கடை.

ஐந்தாவது சுற்றில் ஒலிபெருக்கி என்னை எழுப்பியது. கடைசி ரயில் இன்னும் ஐந்து நிமிடத்தில். இழுத்தேன், உதைத்தேன், சக்கரத்திடம் கெஞ்சினேன். அது வலப்பக்கமே பார்த்தது.

"தூக்கினு ஓடிடறேன் கண்ணு."

"மாட்டேன்." அவள் முகவாய் நடுங்கியது. பிறந்தநாளும் அதுவுமாக அழவைத்துவிட்டேனே.

கயல் ரயிலைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். "அப்பா, ரைட்டுலயே மூணு வாட்டி திருப்பு. லெஃப்ட்டு வந்துடும்."

திருப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எதிரே ரயில்.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மொத சுத்துலயே."

"ஏண்டி சொல்லல?"

"சுத்தறது நல்லா இருந்துது."

ரயில் ஓட்டுபவர் எங்களுக்காகவே நிறுத்தி வைத்திருந்தார். "அஞ்சு சுத்தா பாத்துனு இருக்கேன். எதனா வேண்டுதலா சார்?" கயல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்தடி தானே நடந்து ஏறினாள். ரயில் கூவிக்கொண்டே அதே மலையை இரண்டு சுற்று சுற்றியது.

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம்.

"பாப்பா, மலைய நல்லா சுத்துனியா?" என்றார் மூர்த்தி அண்ணன். கயலுக்குப் பொய் சொல்ல வராது.

"ஏழு சுத்து, அங்கிள்."

எங்கள் மலையை ஒரு சுற்று வந்தாலே பதினாலு கிலோமீட்டர். மூர்த்தி அண்ணன் மெதுவாக எழுந்தார். "ஒரே நாள்லயா?"

"ஆமா. அப்பா செருப்புகூட போடல."

அவர் என் பாதங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் விபூதி எடுத்து வந்து என் நெற்றி நிறையப் பூசிவிட்டார்.

அன்றிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடை வாசலிலிருந்து அவர் குரல் கேட்கும். "ஏழு சுத்து சார் வராரு, வழி விடுங்கப்பா." நானும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடக்கமாகக் கடந்து போகிறேன். (உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அடுத்த தடவை வண்டி கிடைக்காது.)

வீட்டில் மட்டும் அந்த மரியாதை செல்லுபடியாவதில்லை. முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போக பைக் சாவியைத் தேடினால் போதும், சமையலறையிலிருந்து செல்வி கேட்பாள்.

"தொண்ணூத்தெட்டு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடந்த மனுஷனுக்கு, பால் வாங்க பைக்கா?"