என் கட்டைவிரல் எனக்குச் செய்த துரோகம்

அன்புள்ள மருமகன் ஷாத்லிக்கு, மஹ்தியாவிலிருந்து உன் தாய்மாமன் தீஜானி எழுதுவது. லியோனில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே வெயிலும் உன் அத்தை மன்னூபியாவும் வழக்கம்போல.

போன மாதம் வந்தபோது என் போனில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு பாஸ்கீ என்று ஒன்றைப் போட்டாயே, "மாமா, இனி எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம், கட்டைவிரல வச்சா போதும், எந்தத் திருடனும் உள்ள வர முடியாது" என்றாயே, நீ ஊர்த் திருடர்களை நினைத்தாய், வீட்டில் இருப்பவளை நினைக்கவில்லை. மதியம் குஸ்குஸ் சாப்பிட்டு ஜன்னலைச் சாத்திப் படுத்தால் பீரங்கி வெடித்தாலும் எழமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா? முன்பெல்லாம் பாஸ்வேர்டு கேட்டால் மறந்துபோச்சு என்று தப்பித்துக்கொள்வேன். விரல் மறந்துபோச்சு என்று எப்படிச் சொல்வது?

புதன்கிழமை நான் குறட்டை விடும்போது உன் அத்தை என் விரலைப் பிடித்து போன்மேல் வைத்திருக்கிறாள். ஹரிஸ்ஸா மிளகாய் விழுது ஒட்டியிருந்ததால் திறக்கவில்லையாம், துடைத்துவிட்டு மறுபடி வைத்தாளாம். உள்ளே கஃப்ஸாவிலிருக்கும் அவள் அக்கா ஸல்ஹாவுக்கு நான் எழுதிய மெயில்: "வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறோம், இந்தக் கோடையில் வரவேண்டாம்." கடலில் குளிக்க வந்தால் கோடை முடியும்வரை என் நாற்காலி அவளுடையது, டிவி அவளுடையது, என் தட்டில் விழும் மீனைக்கூட அவள்தான் தேர்ந்தெடுப்பாள். எழுந்து பார்த்தால் கூடம் நிறைய பெயிண்ட் டப்பா. "என் அக்கா முன்னாடி நீங்க பொய்யராகக் கூடாதுல்ல? ஏறுங்க ஏணியில" என்கிறாள். அடித்து முடிந்ததும் அக்காவைக் கூப்பிடப் போகிறாளாம். இடுப்பு போனது போகட்டும். இந்த வீட்டில் எனக்கென்று பூட்டிவைக்க ஒன்றுமே மிச்சமில்லையே என்றுதான் மனசு வலிக்கிறது.

அந்தப் பாஸ்கீயை எடுத்துவிட்டு என் பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடு. பாஸ்வேர்டு வெளியே தெரிந்தால் மாற்றலாம், கட்டைவிரலை எப்படிடா மாற்றுவது? போனை நம்பாமல்தான் தாளில் எழுதுகிறேன்.

உன் குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் அம்மாவிடம் அடிக்கடி பேசு.

ஏணி மேலிருந்து,
தீஜானி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. இன்று மதியம் பெயிண்ட் வாடையில் எனக்குத் தூக்கம் வரவில்லை, உன் அத்தைக்கு வந்தது. அவள் போனிலும் பாஸ்கீ போட்டவன் நீதானே. அவள் விரலை எடுத்து வைத்தேன். நேற்று அக்காவுக்கு எழுதியிருக்கிறாள்: "பெயிண்ட் இன்னும் முடியலக்கா. இந்த மனுஷன் ரொம்ப மெதுவா அடிக்கிறார். இந்த வருஷம் வேண்டாம்." நீ எதையும் எடுக்காதே, மருமகனே. சுவருக்கு இன்னொரு பூச்சு தேவைப்படும் போலிருக்கிறது.